‘இருக்கிறேன்’ என்றது விமானம்

ஒரு விமானம் ரேடாரில் இருந்து மறைந்துவிட்டது. விமானியின் குரல் இல்லை. எங்கே இருக்கிறது என்று சொல்லும் கருவியும் பேசவில்லை. அப்படியிருந்தும், அது எந்தக் கடலை நோக்கிப் போனது என்பதைச் சில பொறியாளர்கள் கணக்குப் போட்டே கண்டுபிடித்தார்கள். எப்படி?

முதலில் நடந்ததைப் பார்த்துவிடுவோம். 2014 மார்ச் 8, நள்ளிரவு தாண்டிய நேரம். மலேசியாவின் கோலாலம்பூரில் இருந்து சீனாவின் பெய்ஜிங்குக்கு எம்.எச். 370 என்ற விமானம் புறப்பட்டது. போயிங் 777 வகை, இரண்டு எஞ்சின்கள் கொண்ட பெரிய விமானம். உள்ளே 239 பேர். 1.19 மணிக்கு விமானி அறையில் இருந்து ‘குட் நைட்’ சொன்னார்கள். மலேசிய வான்வெளியை விட்டு வியட்நாம் வான்வெளிக்குள் நுழைய வேண்டிய நேரம் அது. இரண்டு நிமிடங்களில் கட்டுப்பாட்டு அறையின் திரையில் இருந்து விமானம் காணாமல் போனது.

திரையில் இருந்து காணாமல் போனால் வானத்தில் இருந்தும் காணாமல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. விமான நிலையங்களின் திரையில் ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் விமானத்தின் எண்ணும் உயரமும் தெரிகிறதே, அந்த விவரங்களை அனுப்புவது விமானத்தில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி. தரையில் இருந்து ‘நீ யார்?’ என்று கேட்டால் அது பதில் சொல்லும். அது பேசாவிட்டால் புள்ளியும் போய்விடும். ராணுவ ரேடார் வேறு வகை. அது யாரையும் கேள்வி கேட்காது; ரேடியோ அலையை அனுப்பி, எதன் மீதாவது பட்டுத் திரும்புகிறதா என்று பார்க்கும், அவ்வளவுதான். அந்த ரேடாரின் பதிவைப் பின்னர் எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. விமானம் திரும்பி, மலேசியத் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்குப் பக்கமாகப் போய், மலாக்கா நீரிணை வழியே வடமேற்காகப் பறந்திருக்கிறது. 2.22 மணிக்கு அந்த ரேடாரின் எல்லையையும் தாண்டிவிட்டது. முதல் சில நாட்கள் கப்பல்கள் தேடிக்கொண்டிருந்தது தென்சீனக் கடலில், அதாவது நேர் எதிர்ப் பக்கத்தில்!

இனிமேல்தான் நம் கதையின் முக்கியப் பாத்திரம் வருகிறது. இன்மர்சாட் என்ற நிறுவனத்தின் செயற்கைக்கோள் ஒன்று, மாலத்தீவுக்கு மேற்கே, நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. விமானத்துக்கும் தரைக்கும் இடையே செய்திகளைக் கடத்துவது அதன் வேலை. தரை நிலையம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில். ஒரு மணி நேரமாக விமானத்தில் இருந்து ஒரு செய்தியும் வரவில்லை என்றால், தரை நிலையம் தானாகவே ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும். விமானத்தில் உள்ள கருவி ‘இருக்கிறேன்’ என்று பதில் அனுப்பும். மனிதர் யாரும் இதில் தலையிடுவதில்லை. ரேடாரில் இருந்து மறைந்த பிறகும் இந்த மாதிரிச் சிறு தொடர்புகள் காலை 8.19 வரை ஏழு முறை நடந்திருந்தன. இடையில் இரண்டு முறை தரையில் இருந்து தொலைபேசியில் அழைத்தும் பார்த்தார்கள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

‘இருக்கிறேன்’ என்று சொன்ன கருவி ‘இங்கே இருக்கிறேன்’ என்று சொல்லவில்லை. ஆனால் பதில் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பது தரை நிலையத்தில் பதிவாகியிருந்தது. 2009-இல் அட்லாண்டிக் கடலில் ஏர் பிரான்ஸ் 447 விழுந்த பிறகுதான் இந்த நேரத்தையும் சேமித்து வைக்கத் தொடங்கினார்கள். அந்த முன்யோசனை மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

ரேடியோ அலை ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். பெர்த்தில் இருந்து செயற்கைக்கோளுக்கு ஏறி, விமானத்துக்கு இறங்கி, அதே வழியில் திரும்பி வர ஏறக்குறைய அரை நொடி. நேரம் கூடினால் தூரம் கூடுதல். கருவி யோசித்துப் பதில் சொல்லவும் கொஞ்சம் நேரம் எடுக்குமே, அதை எப்படிக் கழிப்பது? அதற்கும் வழி இருந்தது. புறப்படுவதற்கு முன் விமானம் கோலாலம்பூர் நிலையத்தில் நின்றபோதும் செய்திகள் போய் வந்தன. அது நின்ற இடம் தெரியும், அதனால் செயற்கைக்கோளுக்கு உள்ள தூரமும் தெரியும். அலை ஓடிய நேரம் போக மிச்சம் எவ்வளவோ, அது கருவியின் தாமதம்.

தூரம் மட்டும் தெரிந்தால் என்ன கிடைக்கும்? வீட்டில் செய்து பாருங்கள். 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உலக உருண்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவில் 36,000 கிலோமீட்டர் என்பது 85 சென்டிமீட்டர். மாலத்தீவுக்குச் சற்று மேற்கே, நிலநடுக்கோட்டுக்கு நேர் எதிரே, உருண்டையில் இருந்து 85 சென்டிமீட்டர் தள்ளி நண்பர் ஒருவரை ஒரு நூலின் நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதுதான் செயற்கைக்கோள். நூலின் நீளம் 90 சென்டிமீட்டர் இருக்கட்டும். மறு நுனியை விறைப்பாக இழுத்து உருண்டை மீது எங்கெல்லாம் தொடுகிறது என்று பாருங்கள். ஒரு வட்டம் வரும். அந்த வட்டத்தின் எந்த இடத்தில் விமானம் இருந்திருந்தாலும் தூரம் ஒன்றுதான். ஏழு தொடர்புகளுக்கு ஏழு வட்டங்கள். போக முடியாத இடங்களை வெட்டிவிட்டால் ஏழு வில்கள் மிஞ்சும். கடைசி வில்லின் வடமுனை மத்திய ஆசியாவில், தென்முனை ஆஸ்திரேலியாவுக்கு மேற்கே நடுக்கடலில். வடக்கா, தெற்கா?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ரயில் ஊதிக்கொண்டே நம்மை நோக்கி வரும்போது சத்தம் கீச்சென்றும், கடந்து போனதும் தணிந்தும் கேட்கிறதல்லவா? அலையை அனுப்புகிறவர் நெருங்கி வந்தால் அதிர்வெண் கூடும். விலகிப் போனால் குறையும். இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர். ரேடியோ அலைக்கும் இது உண்டு. விமானம் அனுப்பும் அலை நொடிக்கு 160 கோடி முறைக்கு மேல் அதிரும். வேகத்தால் அதில் சில நூறு அதிர்வுகள் மாறும்.

இந்த மாற்றத்தை விமானத்தின் கருவியே முன்கூட்டிச் சரிசெய்துதான் அனுப்பும். அப்படியானால் துப்பு எதுவும் கிடைக்காதே? கிடைத்தது, அதுவும் செயற்கைக்கோளின் வயதால்! 1996-இல் ஏவப்பட்ட கோள் அது. எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காக அதைச் சரியாக ஒரே இடத்தில் நிறுத்திவைக்காமல் விட்டிருந்தார்கள். அது நாள்தோறும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கும் தெற்குமாகக் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. விமானத்தின் கருவியோ, கோள் அசையாமல் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டது. அந்தத் தப்புக் கணக்கால் கொஞ்சம் அதிர்வெண் மிச்சமாகத் தங்கியது. வடக்கே போனால் அந்த மிச்சம் ஒரு மாதிரி, தெற்கே போனால் வேறு மாதிரி. வேறு 777 விமானங்களின் பயணப் பதிவுகளில் இதே கணக்கைப் போட்டு, விடை சரியாக வருகிறதா என்று சோதித்தும் பார்த்தார்கள். பிறகே சொன்னார்கள்: தெற்கு. மார்ச் 24 அன்று மலேசியப் பிரதமர் உலகுக்கு அறிவித்தார், விமானத்தின் பயணம் தென் இந்தியப் பெருங்கடலில் முடிந்தது என்று.

8.19-க்கு வந்த கடைசிச் செய்தி பதில் அல்ல. விமானம் தானாகவே ‘என்னை மறுபடி இணைத்துக்கொள்’ என்று கேட்ட செய்தி. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் கருவி இப்படிக் கேட்கும். எரிபொருள் தீர்ந்து எஞ்சின்கள் நின்றிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டது இதனால்தான். எரிபொருள் கணக்கும் அந்த நேரத்தோடு ஒத்துப்போகிறது.

அதன் பிறகு தேடல். கறுப்புப் பெட்டி (நிறம் என்னவோ ஆரஞ்சுதான்) நீரில் விழுந்தால் நொடிக்கு ஒரு முறை ஒலி எழுப்பும். அதன் மின்கலம் 30 நாட்களுக்குத்தான். அதற்குள் கிடைக்கவில்லை. சுமார் 4 கிலோமீட்டர் ஆழம். ரேடியோ அலை அந்தத் தண்ணீருக்குள் நுழையாது. ஒலியால்தான் பார்க்க வேண்டும். கப்பலுக்குப் பின்னால் பல கிலோமீட்டர் நீளக் கம்பிவடத்தில் சோனார் கருவியை இழுத்துக்கொண்டு, கடலடியை வரிவரியாகத் தேடினார்கள். 1,20,000 சதுர கிலோமீட்டர் தேடி, 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள். 19ஆம் நூற்றாண்டுக் கப்பல்களின் சிதைவுகள் கிடைத்தன. அதுவரை யாரும் பார்த்திராத கடலடி மலைகளும் எரிமலைகளும் வரைபடத்தில் ஏறின. விமானம் கிடைக்கவில்லை.

ஆனால் கடல் தானாகவே ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தது. 2015 ஜூலை 29 அன்று, ஆப்பிரிக்காவின் பக்கம் இருக்கும் ரீயூனியன் தீவின் கரையில், இறக்கையின் பின் விளிம்பில் அசையும் ஒரு துண்டு ஒதுங்கியது. ஃபிளாப்பரான் என்று பெயர். உள்ளே இருந்த எண்களை வைத்து அது எம்.எச். 370-இன் பாகம்தான் என்று பிரான்சில் உறுதி செய்தார்கள். பிறகு தான்சானியா, மொசாம்பிக், மடகாஸ்கர் கரைகளிலும் துண்டுகள் கிடைத்தன.

ரீயூனியனில் ஒதுங்கிய துண்டில் சிறு பயணிகள் ஒட்டியிருந்தார்கள்: கொட்டலசுகள். படகின் அடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிரிகள் இவை. ஓடு வளர வளர, அப்போதைய கடல்நீரின் வெப்பம் அதில் பதிந்துகொண்டே போகும். ஓட்டில் கனமான ஆக்சிஜனும் லேசான ஆக்சிஜனும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால் வெப்பத்தைச் சொல்லிவிடலாம். குளிர்ந்த தெற்கில் இருந்து வெதுவெதுப்பான ரீயூனியன் வரை அது மிதந்து வந்த வழியை இப்படித் தேடலாம் என்று விஞ்ஞானிகள் 2023-இல் காட்டினார்கள். சிறிய கொட்டலசுகளால் பயணத்தின் கடைசிப் பகுதியைத்தான் சொல்ல முடிந்தது. முழுக் கதையையும் சொல்ல, பெரியவை, அதாவது வயதானவை வேண்டும்.

ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் வேறு வழியில் போனார்கள். உண்மையான 777 ஃபிளாப்பரான் ஒன்றை வாங்கி, ரீயூனியனில் கிடைத்த துண்டைப் போலவே வெட்டி, கடலில் மிதக்க விட்டார்கள். அது காற்றடிக்கும் திசையிலேயே போகவில்லை. அதற்கு இடப்பக்கமாகச் சாய்ந்து, எதிர்பார்த்ததைவிட வேகமாக நகர்ந்தது. ஒரு பக்கம் நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு, பாய்மரம் மாதிரி வேலை செய்திருக்கிறது. இதைக் கணினியில் கொடுத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, ஏழாவது வில்லில் 35 டிகிரி தெற்கு அகலாங்குக்குப் பக்கம் அதிகம் பொருந்தியது. ஏற்கனவே தேடிய பகுதிக்குச் சற்று வடக்கே!

என்ன நடந்தது, ஏன் திரும்பியது என்பதற்கு 2018-இல் வந்த மலேசிய அறிக்கையிலும் விடை இல்லை. விமானத்தைக் கண்ணால் பார்க்காமல் அதற்கு விடை சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. விதிகள் மட்டும் மாறின. பெருங்கடல் மேல் பறக்கும் பெரிய பயணிகள் விமானங்கள் இருக்கும் இடம் இப்போது குறைந்தது 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவாக வேண்டும். கறுப்புப் பெட்டியின் ஒலிக் கருவி 30 நாளுக்குப் பதில் 90 நாள் ஒலிக்க வேண்டும்.

2025-இல் மலேசிய அரசு மறுபடியும் தேட ஒப்புக்கொண்டது. ஆளில்லாமல் தானாக நீந்தும் சோனார் கருவிகளை வைத்திருக்கும் ஓஷன் இன்ஃபினிட்டி என்ற நிறுவனத்துக்கு அந்த வேலை. விமானம் கிடைத்தால் 7 கோடி டாலர். கிடைக்காவிட்டால் ஒரு காசும் கிடையாது.