தாய்க்கு சர்க்கரை... பிள்ளைக்கு கால்சியம் குறைவு! பிறந்து 3 நாள் உஷாரா பார்க்கணும்

கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறினால் குழந்தை குண்டாக பிறக்கும் என்பது ஊருக்கே தெரியும். அந்த குண்டுப் பிள்ளையின் ரத்தத்தில் கால்சியம், மெக்னீசியம் போன்ற தாது உப்புகள் குறைந்து போகலாம் என்பது பலருக்கு தெரியாது.

கோளாறு தாயின் சிறுநீரில் தொடங்குகிறது. ரத்தத்தில் சர்க்கரை எல்லை மீறினால் சிறுநீரில் இறங்கும். சும்மா போகாது, மெக்னீசியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். தாய்க்கே தட்டுப்பாடு என்றால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு எங்கிருந்து கிடைக்கும்?

கழுத்தில் பாராதைராய்டு என்ற சின்னஞ்சிறு சுரப்பிகள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் காப்பது இவைதான். மெக்னீசியம் குறைந்தால் இவை மந்தமாகி விடும். வயிற்றில் இருக்கும்வரை தாயிடம் இருந்து கால்சியம் வருவதால் குறை தெரியாது. தொப்புள்கொடியை வெட்டியதும் அந்த வரத்து நின்றுபோகும். பிள்ளையின் சுரப்பி வேலைக்கு வராவிட்டால் 3 நாளுக்குள் கால்சியம் இறங்கிவிடும்.

அப்போது கை, கால் வெடவெடவென நடுங்கும். "குளிருதுபோல, துணியை நல்லா சுத்து" என்று பாட்டி சொல்வார். நடுங்கும் கையை மெல்ல பிடித்தால் நடுக்கம் பெரும்பாலும் நின்றுவிடும். பிடித்தும் வெட்டி வெட்டி இழுத்தால் வலிப்பாக இருக்கலாம். எதுவானாலும் உடனே நர்சிடம் சொல்லணும். சர்க்கரை குறைந்தாலும் பிள்ளைக்கு இதே நடுக்கம் வரும். எது என்று ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். இந்த நேரத்தில் டிஸ்சார்ஜ் கேட்டு அவசரப்படுவது ஆபத்து.

இரும்புச்சத்தும் இடம் மாறுகிறது. சர்க்கரை அதிகம் போவதால் பிள்ளைக்கு இன்சுலின் கூடுதலாக சுரந்து, ஆக்சிஜன் தேவை ஏறுகிறது. அதற்காக சிவப்பணுக்கள் பெருகி, இரும்பை எல்லாம் இழுத்துக் கொள்கின்றன. கல்லீரல், மூளைக்கு போகும் பங்கு குறைகிறது. பிள்ளை செக்கச்செவேல் என்று இருப்பதை பார்த்து வீட்டில் பூரித்துப் போவார்கள்!

கால்சியம் மாத்திரையை இஷ்டத்துக்கு கூட்டிப் போட்டால் இது தீராது. சர்க்கரையைத்தான் அடக்கணும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். வெறும் வயிறாக போகத் தேவையில்லை. 140-ஐ தொட்டால் கர்ப்பகால சர்க்கரை. முதல் தடவை நார்மல் என்றாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்கணும்.

உணவுக் கட்டுப்பாட்டிலும் அடங்காவிட்டால் இன்சுலின் போடச் சொல்வார்கள். "ஊசி மருந்து பிள்ளைக்கு போயிடுமே" என்று பயந்து நிறுத்துபவர்கள் உண்டு. இன்சுலின் நஞ்சுக்கொடியை தாண்டி பிள்ளைக்கு போவதில்லை. தாண்டிப் போவது சர்க்கரைதான்.