இருமாமலே புரையேறும்... ஜாக்கிரதை!

சாப்பிடும்போது புரையேறினால் நம் வீட்டில் என்ன சொல்வோம்? ‘யாரோ நினைச்சுக்கறாங்க!’ உச்சந்தலையில் இரண்டு தட்டு, ஒரு வாய் தண்ணீர். அத்தோடு மறந்துவிடுவோம். உண்மையில் அந்த இருமல்தான் நமக்குக் காவல்காரன். மூச்சுக்குழலுக்குள் வழி தவறிப் போகப் பார்த்த பருக்கையை வெளியே விரட்டுகிறது.

அந்தக் காவல்காரனே தூங்கிவிட்டால்?

மதுராந்தகத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பக்கவாதம் வந்த தாத்தா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருக்கிறார். ரசம் சாதம், காபி எல்லாம் இறங்குகிறது. இருமலே இல்லை. எல்லோருக்கும் நிம்மதி. பத்தாவது நாள் ஜுரம், மூச்சிரைப்பு... நிமோனியா! ‘‘நல்லாத்தானே சாப்பிட்டார் டாக்டர்?’’

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆரம்ப நாட்களில் விழுங்குவதில் சிரமம் இருக்கும். சிலருக்குத் தொண்டையின் உணர்ச்சியும் மங்கிவிடும். தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கினாலும் இருமல் வராது.

ஒரு விநாடி வேலை

ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மூட வேண்டும், மறுபக்கம் திறக்க வேண்டும். நாம் விழுங்கும்போது நாக்கின் அடியில் இருக்கும் சிறு எலும்பும் குரல்வளையும் மேலே எழும்புகின்றன. குரல்வளை மூடி கவிழ்கிறது. உணவுக்குழல் திறக்கிறது. தொண்டையில் நடக்கும் இவ்வளவுக்கும் சுமார் ஒரு விநாடிதான்! வெளியிலிருந்து பார்த்து எப்படித் தெரியும்?

அதற்குத்தான் எக்ஸ்ரே வீடியோ. ‘வீடியோஃப்ளோரோஸ்கோபி’ என்பார்கள். பேரியம் கலந்த திரவம், கூழ், பிஸ்கட் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, விழுங்குவதைப் படம் பிடிக்கிறார்கள். வலி இல்லை. கதிர்வீச்சு உண்டு என்பதால் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள்.

அமெரிக்காவில் ஜான் ரோசன்பெக் குழுவினர் 1996-ல் இதற்கு 8 படிகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். மூச்சுப் பாதையில் எதுவும் நுழையாவிட்டால் 1. குரல் நாண்களைத் தாண்டி இறங்கியும், அதை வெளியேற்ற உடம்பு எந்த முயற்சியும் செய்யாவிட்டால் 8. பார்த்தீர்களா, சத்தமில்லாத புரைக்குத்தான் மோசமான மார்க்!

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

விநாடிக்கு 30 படங்கள். கண்ணால் பார்த்தால் ஒருவர் சொல்வதும் மற்றவர் சொல்வதும் மாறலாம். மென்பொருளில் படம் படமாக நிறுத்தி அளக்கலாம். கழுத்தெலும்பையே ஸ்கேலாக வைத்து, நாக்கடி எலும்பு எவ்வளவு உயர்ந்தது, பாதை மூட எத்தனை நேரம் ஆனது, விழுங்கிய பின் தொண்டையில் எவ்வளவு தங்கியது என்று எண்ணாகவே சொல்லிவிடலாம். பயிற்சிக்குப் பின் மறுபடி எடுத்தால், தேறியிருக்கிறாரா என்று ஒப்பிடலாம்.

அந்த எலும்பைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கும் முறையை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர் 2018-ல் வெளியிட்டார்கள். ஆனால், தலை அசைந்தாலோ, படம் மங்கினாலோ மென்பொருளும் ஏமாறும். எதைச் சாப்பிடலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் டாக்டரும் ஸ்பீச் தெரபிஸ்ட்டும்தான்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* சாப்பிட்டதும் குரல் தண்ணீர் தேங்கியதுபோல ‘களகள’ என்று மாறுகிறதா? அடிக்கடி ஜுரம், சளி வருகிறதா? எடை குறைகிறதா? உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

* படுத்த நிலையில் எதுவும் புகட்டாதீர்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் உட்காரட்டும்.

* ‘தண்ணிதானே’ என்று நினைக்காதீர்கள். வேகமாக ஓடும் தண்ணீர்தான் பலருக்கு ஆபத்து. கெட்டியாக்குவதையும் நீங்களாகச் செய்யாமல் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

* தினமும் பல், நாக்கைச் சுத்தம் செய்துவிடுங்கள். வாயிலுள்ள கிருமிகள்தான் நுரையீரலுக்குப் போகின்றன.

மதுராந்தகம் பக்கத்தில் இருப்பவர்கள், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில், இந்தப் பரிசோதனைக்கு எங்கே போகலாம் என்று விசாரிக்கலாம்.

இனி தாத்தாவுக்குப் புரையேறினால் ‘யாரோ நினைக்கிறாங்க’ என்று விட்டுவிடாதீர்கள். இருமல் வராவிட்டாலும் நீங்கள் அவரை நினையுங்கள்!