வெயில் காலமும் நம் தோலும்: படர்தாமரைக்குக் கண்ட ஆயின்மென்ட் வேண்டாம்



சித்திரை பிறந்து கத்திரி வெயில் தொடங்கினால், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒன்று நடக்கும். சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் எழுதி முடித்த பிறகு யாராவது ஒரு அக்கா எங்களைத் தனியாகக் கூப்பிடுவார். "இடுப்புல ஒரே அரிப்பும்மா, வெளியில சொல்ல வெட்கமா இருக்கு" என்பார்.

அப்படிச் சொன்ன ஓர் உறுப்பினர் சுருக்குப் பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்துக் காட்டினார். டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கியது. "தடவினா ரெண்டு நாள்ல அடங்கிடுது. விட்டா திரும்ப வருது. இது ஆறாவது ட்யூப்" என்றார். ஒரு ரூபாய் காசு அளவில் வந்தது தொடை வரை பரவியிருந்தது. வீட்டில் கணவருக்கும் மகளுக்கும் கூட வந்துவிட்டது.

இது அவர் ஒருவரின் கதை இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

எது வேர்க்குரு, எது படர்தாமரை?

வியர்வைத் துவாரம் அடைபட்டால் வருவது வேர்க்குரு. சின்னச் சின்னப் பொரியாக, குத்துகிற மாதிரி இருக்கும். காற்றோட்டமாக இருந்தால் சில நாளில் தானே போய்விடும். பவுடரை அப்பினால் துவாரம் இன்னும் அடைபடும்.

படர்தாமரை பூஞ்சைக் கிருமியால் வருவது. வட்டமாக, ஓரம் தடித்துச் சிவந்து, நடுவில் தெளிந்து பரவும். அரிப்பு அதிகம். ஈரமும் சூடும் உள்ள இடம்தான் இந்தக் கிருமிக்குப் பிடிக்கும். பாவாடை நாடா இறுக்குகிற இடுப்பு, மார்புக்குக் கீழ், தொடை இடுக்கு, அரைஞாண் கயிறு கட்டும் இடம் எல்லாம் அதற்கு வசதி. நடவு, களையெடுப்பு முடித்து ஈரப் புடவையோடு நாள் முழுக்க இருந்தால் சீக்கிரம் வரும்.

அந்த ட்யூபில் என்ன இருக்கிறது?

இப்படி வாங்கும் பல ட்யூபுகளில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று அட்டையில் போட்டிருக்கும். சிவப்பும் அரிப்பும் நம் உடம்பு கிருமியோடு சண்டை போடுவதன் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. காவலாளி தூங்கினால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே! மேலே அடங்கின மாதிரி தெரியும், கிருமி அடியில் பரவும். தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, வரி வரியாகக் கோடு விழும். சிவப்பழகுக்கு என்று முகத்தில் தடவுகிறவர்களுக்குப் பருவும், எரிச்சலும், முகத்தில் முடியும் வரலாம்.

இதனால்தான் 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. சட்டம் இருக்கிறது, ஆனாலும் நாம் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் கவனம் நம்மிடம்தான் இருக்க வேண்டும். இப்போது வழக்கமான மருந்துக்கே அடங்காத பூஞ்சை நம் நாட்டில் பரவி, வெளிநாடுகளிலும் காணப்படுகிறது.

என்ன செய்யலாம்?

• வேலை முடிந்ததும் குளித்து, மடிப்புகளை ஈரமில்லாமல் துடைத்து, உலர்ந்த பருத்தித் துணி உடுத்துங்கள். அரைஞாண் கயிறு நனைந்தபடி இருக்கக் கூடாது. படர்தாமரை இருந்தால் ஆறும் வரை அதைக் கழற்றிவிடுங்கள்.

• துண்டு, சோப்பு, உள்ளாடை ஆளுக்குத் தனியாக இருக்கட்டும். துணியை வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி நல்ல வெயிலில் காய வையுங்கள். உள்பாவாடையை வெட்கப்பட்டு மற்ற துணிக்கு அடியில் காயப் போடாதீர்கள்.

• ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உத்திரமேரூர் அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். இதுவரை தடவிய ட்யூபையும் எடுத்துப் போங்கள். கர்ப்பிணிகள் அதையும் சொல்ல வேண்டும்.

• டாக்டர் கொடுக்கும் களிம்பைப் புண்ணுக்கு வெளியேயும் ஒரு விரல் அகலம் சேர்த்துத் தடவுங்கள். அரிப்பு நின்றதும் விட்டுவிடாமல், சொன்ன நாள் வரை தடவுங்கள். சில வாரம் ஆகும்.

• வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ எல்லோரும் ஒரே சமயத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும். ஒருவரை விட்டால் அவரிடமிருந்து திரும்ப வரும்.

• ஸ்டீராய்டை நிறுத்தியதும் முதலில் அரிப்பு கூடலாம். பயந்து பழைய ட்யூபுக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் திரும்பக் காட்டுங்கள்.

• அடிக்கடி வந்தால் சர்க்கரை அளவைப் பரிசோதியுங்கள். அரிப்பே இல்லாமல், தொட்டாலும் உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் உடனே காட்டுங்கள். அது தொழுநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

நாங்கள் சொன்ன அந்த அக்கா குடும்பத்தோடு போய்க் காட்டினார். மூன்று பேருக்கும் குணமாகச் சில மாதம் பிடித்தது. "முதல்லயே சொல்லியிருந்தா ஆறு ட்யூப் காசு மிச்சம்" என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவரே சொன்னார். அன்றைக்கு இன்னும் நான்கு பேர் வாய் திறந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் இதைப் பற்றிப் பேசுங்கள். படிக்கத் தெரிந்த உறுப்பினர் இந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். அரிப்பு வந்தது நம் தப்பு இல்லை. அதை மறைத்து வைத்து வளர்க்க வேண்டாம்.