மென்பொருள் உருவாக்கத்திற்கு ஏற்ற திறந்த மூலப் பணிசெயல் முறைமையைத் தெரிவுசெய்தல்

க.பொ.த. (சாதாரண தர) தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பணிசெயல் முறைமை பற்றிய அலகு வந்ததும், வின்டோஸ், லினக்ஸ், மக் ஓஎஸ் என மூன்று பெயர்களை மனனஞ் செய்துவிட்டு அடுத்த அலகுக்குச் செல்வது மாணவர் பலரின் வழக்கம். ஒரு புள்ளி வினாவுக்கு அது போதும். வீட்டிலுள்ள பழைய கணினியில் செய்நிரல் எழுதிப் பழக விரும்பும் மாணவருக்கோ அது போதாது. வின்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியுடன் முடிவடைந்தது. பழைய கணினிகள் பலவற்றில் வின்டோஸ் 11 ஐ முறைப்படி நிறுவ முடியாது. அனுமதியின்றிப் பிரதிசெய்து விற்கப்படும் மென்பொருளை வாங்கி நிறுவுவதும் தீர்வாகாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிச் செய்நிரல்களையும் பாதுகாக்கின்றது.

முதலில் ஒரு தெளிவு. திறந்த மூல மென்பொருள் என்பது பணம் கொடுக்காமல் கிடைக்கும் மென்பொருள் அன்று. அதன் மூலக் குறிமுறையைப் பார்க்கவும், மாற்றவும், மாற்றியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமம் இடமளிக்க வேண்டும். குரோம் உலாவி இலவசமாகவே கிடைக்கின்றது, ஆயினும் அது முழுமையான திறந்த மூல மென்பொருள் அன்று. அதற்கு அடிப்படையான குரோமியம் திறந்த மூல மென்பொருளாகும். லினக்ஸ் என்ற பெயரும் உண்மையில் பணிசெயல் முறைமையின் கருவை மாத்திரமே குறிக்கும். பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் அதனை 1991 இல் வெளியிட்டார். அக்கருவுடன் குனூ திட்டத்தின் கருவிகளையும், மேசைத்தளத்தையும், ஏனைய மென்பொருள்களையும் சேர்த்து ஒரே பொதியாகத் தருவதே வழங்கல் எனப்படும். டெபியன் (1993), பெடோரா (2003), உபுண்டு (2004), லினக்ஸ் மின்ட் (2006) என்பன பிரபலமான வழங்கல்கள்.

மூலக் குறிமுறை திறந்திருப்பதால் என்ன பயன்? இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி சுனாமி தாக்கியபோது காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே உதவுகின்றது என்ற விபரங்கள் சிதறிக்கிடந்தன. இலங்கை மென்பொருளாளர்கள் தொண்டர்களாகக் கூடி, சில வாரங்களுக்குள் சஹானா என்ற அனர்த்த முகாமைத்துவ முறைமையை உருவாக்கினர். நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல்லே அதன் பெயர். 2003 இல் தொடங்கப்பட்ட லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அப்பணியை ஒருங்கிணைத்தது. அவர்கள் பயன்படுத்திய பீஎச்பீ மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் திறந்த மூலத்தைச் சேர்ந்தவை. உரிமம் வாங்கக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 2005 இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அதே முறைமை அங்கும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரத்மலானையிலிருந்து காலி வீதி வழியே சற்றுத் தெற்கே சென்றால் கட்டுபெத்தை. அங்குள்ள மொறட்டுவைப் பல்கலைக்கழகமே, கூகிளின் கோடைகாலத் திறந்த மூலத் திட்டத்தின் முதற் பத்து ஆண்டுகளில் (2005–2014) உலகிலேயே அதிக மாணவர்களைப் பங்குபற்றச் செய்தது.

இனித் தெரிவுக்கு வருவோம். எது சிறந்த வழங்கல் என்று கேட்பதைவிட, என் கணினிக்கு எது பொருந்தும் என்று கேட்பதே சரி. நினைவகம் எவ்வளவு, முறைவழியாக்கி 32 பிட்டா 64 பிட்டா என்பவற்றை முதலில் பாருங்கள். நினைவகம் 8 ஜிபி இருப்பின் உபுண்டு நன்றாக இயங்கும். 4 ஜிபி அல்லது அதற்குக் குறைவெனில் எக்ஸ்எப்சிஈ போன்ற இலகுவான மேசைத்தளத்துடன் வரும் லினக்ஸ் மின்ட் அல்லது டெபியன் பொருத்தமானது. உபுண்டு 32 பிட் கணினிகளைக் கைவிட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன. 2025 இல் வந்த டெபியன் 13 ஐயும் அவற்றில் புதிதாக நிறுவ முடியாது.

அடுத்தது ஆதரவுக் காலம். இதனைப் பலர் கவனிப்பதில்லை. பெடோராவின் ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 13 மாதங்களே இற்றைப்படுத்தல்கள் கிடைக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வெளிவரும் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் கிடைக்கும். தரம் 10 இல் நிறுவினால் உயர்தரம் முடியும்வரை அதனை மாற்ற வேண்டியதில்லை. ஆர்ச், கென்டூ போன்றவற்றை அமைப்பதற்கே நாட்கள் போய்விடும். அவை பரீட்சை முடிந்த விடுமுறைக்கு உரியவை.

கருவிகளைப் பொறுத்தவரை வழங்கல்களிடையே பெரிய வேறுபாடு இல்லை. பைதன் பெரும்பாலும் உடன் வரும். பிரீ பஸ்கல் தொகுப்பி, சி மொழித் தொகுப்பி, லசாரஸ், ஜீனி தொகுப்பான் ஆகிய யாவும் வழங்கலின் களஞ்சியத்திலேயே உள்ளன, ஒரு கட்டளையில் நிறுவலாம். தமிழில் தட்டச்சு செய்ய ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பும் கிடைக்கின்றது. பாமினி எழுத்துருவில் பழகியவர்களுக்கு அதில் பெரிய சிரமம் இராது, எழுதுவதும் ஒருங்குறியில் அமையும்.

நிறுவும்போது அவதானம் தேவை. குடும்பத்துக்கு ஒரே கணினி எனின், அதில் அக்காவின் உயர்தரக் குறிப்புகளும் அப்பாவின் கணக்குகளும் இருக்கும். நிறுவலின்போது வன்தட்டை முழுமையாக அழிக்கும் தெரிவைச் சொடுக்கினால் அனைத்தும் போய்விடும். ஆகவே கோப்புகளை வேறோர் இடத்தில் பிரதிசெய்த பின்னரே தொடங்குங்கள். அதற்கும் முன்னர் யூஎஸ்பி நினைவகத்திலிருந்து நேரடியாக இயக்கிப் பாருங்கள். வன்தட்டைத் தொடாமலே கம்பியில்லா இணைப்பு, ஒலி, அச்சுப்பொறி என்பன இயங்குகின்றனவா என அறியலாம். வின்டோஸும் வேண்டுமெனின் இரண்டையும் அருகருகே நிறுவி, கணினியைத் தொடக்கும்போது ஒன்றைத் தெரியலாம்.

பாடசாலையில் வின்டோஸும் வீட்டில் லினக்ஸுமாக வேலைசெய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. லினக்ஸ் கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகவே கருதும். பாடசாலையில் சரியாகத் தெரிந்த இணையப் பக்கத்தில் வீட்டில் படம் தோன்றாவிட்டால், படக் கோப்பின் பெயரும் குறிமுறையில் எழுதிய பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என முதலிற் பாருங்கள். எல்லாக் கோப்புகளுக்கும் சிறிய எழுத்திலேயே பெயரிட்டு வந்தால் இச்சிக்கல் எழாது.