ஷூவுக்கும் தேய்மானக் கணக்கு உண்டு: ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய்?

ஆடிட்டரான நானே ஒரு கணக்கைத் தப்பா போட்டு, ஆறு வாரம் ஓடாம வீட்டில் உட்கார்ந்த கதை இது.

ஜனவரியில் நடக்கிற சென்னை மாரத்தானில் அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர் ஓடணும்னு ஆசை. காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போற ரோட்டில் விடியற்காலையில் பயிற்சி. வாரம் 15 கிலோமீட்டரா இருந்ததை மடமடன்னு 40 ஆக்கினேன். ஷூ மட்டும் பழசு. "4,500 ரூபாய் கொடுத்தது, இன்னும் கிழியவே இல்லையே"ன்னு 900 கிலோமீட்டர் தாண்டியும் அதையே மாட்டினேன். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி பிடிச்சது. தூரத்தைச் சட்டுனு ஏத்தினது ஒரு காரணம், செத்துப்போன ஷூ இன்னொரு காரணம்னு பிசியோதெரபிஸ்ட் சொன்னார். அவருக்குக் கொடுத்த பணத்தில் புது ஷூவே வாங்கியிருக்கலாம்.

நஷ்டமான ஷேரைக் கட்டிக்கிட்டு அழாதீங்கன்னு உங்களுக்குச் சொல்ற நான், ஷூ விஷயத்தில் அதையேதான் செஞ்சேன்.

மாசச் செலவு எவ்வளவு?

ஷூவோட ஆயுள் மேல் துணியில் இல்லை, அடியில் இருக்கிற ஃபோமில் இருக்கு. பொதுவா 500 முதல் 800 கிலோமீட்டர் வரை சொல்வாங்க. உடல் எடை, ரோடு, ஷூ வகையைப் பொறுத்து இது மாறும். 600-ன்னு வச்சுக்குவோம். 4,500 ரூபாய் ஷூவுக்குக் கிலோமீட்டருக்கு 7.50 ரூபாய்.

மாசம் 60 கிலோமீட்டர் ஓடினா 450 ரூபாய். 160 கிலோமீட்டர்னா 1,200 ரூபாய். பத்து மாசம் வந்த ஷூ நாலு மாசம்கூட வராது. அதனால தூரத்தை ஏத்தும்போதே பட்ஜெட்டையும் ஏத்துங்க. அந்தத் தொகையை மாசாமாசம் தனியா ஒதுக்கி வைங்க, ஆர்.டி. போட்டாலும் சரி.

ரெண்டு ஜோடி வீண் செலவா?

இல்லை. ஓடுற தூரம் ரெண்டுக்கும் பிரியும், அதனால கிலோமீட்டர் செலவு மாறாது. லக்ஸம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனிச்ச ஆய்வில், ஷூவை மாத்தி மாத்திப் போட்டவங்களுக்குக் காயம் குறைவாவே இருந்தது.

ஜிஎஸ்டி கோடு

2025 செப்டம்பர் 22 முதல், ஜோடி 2,500 ரூபாய் வரை 5% வரி, அதுக்கு மேல 18%. வரிக்கு முந்தைய விலை 2,500-ன்னா பில் 2,625. விலை 2,600-ன்னா பில் 3,068. விலையில் 100 ரூபாய் வித்தியாசம், பில்லில் 443! கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற ஷூவை எடுக்கும் முன் கோட்டுக்குக் கீழே இருக்கிறதையும் போட்டுப் பாருங்க. ஆனா வரி மிச்சத்துக்காகக் காலுக்குச் சேராததை வாங்கிடாதீங்க.

கடையில்

சாயங்காலம் போங்க, அப்போ கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடுற சாக்ஸோட போட்டுப் பாருங்க. நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேணும். கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பாருங்க. "போகப் போக சரியாயிடும்"னா வேண்டாம்.

வாங்கின தேதியை ஷூவோட நாக்கில் பேனாவால் எழுதுங்க. கிலோமீட்டரை போன்ல குறிச்சு வைங்க. 500 தாண்டினதும் வாராவாரம் அடி ஃபோமை அழுத்திப் பாருங்க. அது உயிர் விட்டா நடைக்கு வச்சுக்குங்க, ஓட்டத்துக்கு வேண்டாம். ஷூவை மறுபடி வாங்கலாம், முழங்காலை வாங்க முடியாது.