மலையேறும் வண்டி பள்ளிக்கூடம் போகுமா?

பழைய ஜிப்ஸியும் தாரும் குடும்பத் தலைவர்களின் மனதைக் கவர்கின்றன. வாங்கலாமா என்ற கேள்விக்கு விடை ஸ்டியரிங்குக்குப் பின்னால் கிடைக்காது. பின் சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

தில்லியின் கரோல் பாக், தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வசித்துவரும் இடம். பழைய கார் வியாபாரத்துக்கும் பேர்போனது. இதுபோன்ற கடைத்தெருக்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. சின்ன கார் வாங்கத்தான் குடும்பம் கிளம்பி வந்திருக்கும். வரிசையாக நிற்கும் வெள்ளைக் கார்களைத் தாண்டி, ஓரத்தில் உயரமாக நிற்கும் ஒரு ஜிப்ஸியின் அருகே போய் நின்றுவிடுவார் குடும்பத் தலைவர். பையன் அதற்குள் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறியிருப்பான். வியாபாரி பானெட்டைத் தட்டிக்காட்டி, எந்த ரோட்டிலும் போகும், எப்போது விற்றாலும் விலை இறங்காது என்பார். கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்த மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "பின்னாடி பெல்ட் எங்கே இருக்கு?"

பெரும்பாலும் அதற்குப் பதில் வராது. ஆனால் பழைய ஜீப் ரக வாகனம் ஒன்றைக் குடும்பக் காராக வாங்கலாமா என்ற விவகாரம் முழுவதும் அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

ஆசைக்குக் காரணங்கள் உண்டு. மாருதி ஜிப்ஸி 1985 டிசம்பரில் வந்தது. 1 லிட்டருக்கும் சற்றுக் குறைவான என்ஜின், இரும்புச் சட்டம் போன்ற சேஸிஸ், நான்கு சக்கரங்களுக்கும் சக்தி, ஒரு டன்னுக்கும் குறைவான எடை. 1996ல் 1.3 லிட்டர் என்ஜினுடன் ஜிப்ஸி கிங் வந்தது. ராணுவம், போலீஸ், வனத்துறை, மோட்டார் ராலி என்று எல்லா இடங்களிலும் அது ஓடியது. 2019ல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. அதன்பின் நல்ல நிலையில் உள்ள பழைய ஜிப்ஸிக்குக் கிராக்கிதான். மஹிந்திரா தார் 2010ல் வந்தது. 2020 அக்டோபரில் அதன் புதிய வடிவம் வந்த பிறகு, அதுவரை எஸ்டேட் முதலாளிகளின் வண்டியாக இருந்தது நகரத்து இளைஞர்களின் கனவு வண்டியாகிவிட்டது. இப்போது அந்த வண்டிகளும் பழைய கார் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

பின்னால் யார்?

பழைய ஜீப் ரக வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருப்பவை எதிரெதிராகப் பார்த்த இரண்டு பெஞ்சுகள். ஜிப்ஸியிலும் 2020க்கு முந்தைய தாரிலும் இதே அமைப்புதான். பொலேரோ, சுமோ வண்டிகளின் கடைசி வரிசையிலும் இதைப் பார்க்கலாம். பயணிகள் பக்கவாட்டில் உட்கார வேண்டும். வண்டி நேருக்கு நேர் எதிலாவது மோதினால், முன்னோக்கி அமர்ந்திருப்பவரை பெல்ட் மார்பிலும் இடுப்பிலும் தாங்கிப்பிடிக்கும். பக்கவாட்டில் அமர்ந்திருப்பவர் விலாப்புறமாக முன்னே வீசப்படுவார். கழுத்தும் விலா எலும்பும் அடியை வாங்கும். இடுப்பு பெல்ட் இருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. குழந்தைகளுக்கான இருக்கையை அந்த பெஞ்சில் முறையாகப் பொருத்தவே முடியாது.

2020ல் வந்த தாரில் இது மாறியது. முன்னோக்கிய பின் இருக்கைகள், மூன்று முனை பெல்ட், குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கிகள் ஆகியவை வந்தன. அந்த வடிவத்தைச் சோதித்த குளோபல் என்கேப் அமைப்பு பெரியவர் பாதுகாப்பு, குழந்தைகள் பாதுகாப்பு இரண்டுக்கும் 4 நட்சத்திரம் கொடுத்தது. ஆனால் கவனம் தேவை. அறிமுகமான காலத்தில் பக்கவாட்டு பெஞ்சுள்ள மலிவு வகையும் விற்பனைப் பட்டியலில் இருந்தது. நட்சத்திரம் வாங்கியது முன்னோக்கிய இருக்கை உள்ள வண்டிதான். பெயர் ஒன்றாக இருப்பதாலேயே பாதுகாப்பும் ஒன்றாகிவிடாது. இன்னொரு உதாரணம்: இதே அமைப்பு 2016ல் சோதித்த, காற்றுப்பை இல்லாத ஸ்கார்ப்பியோவுக்குக் கிடைத்தது பூஜ்யம். 2022ல் ஸ்கார்ப்பியோ-என் வாங்கியது 5 நட்சத்திரம்.

ஜிப்ஸியைப் பொறுத்தவரை காற்றுப்பையும் இல்லை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்கும் இல்லை. உயரம் அதிகம், அகலம் குறைவு. வேகமாகத் திருப்பினால் கவிழும் ஆபத்து சாதாரண காரைவிட அதிகம். முன்னும் பின்னும் லாரியைப் போல லீஃப் ஸ்பிரிங். காட்டுப் பாதையில் இது பலம். பள்ளம் விழுந்த நகரத்துச் சாலையில், முதுகுவலி உள்ள தாத்தாவுக்கு இது தண்டனை.

ஏறி இறங்குவதும் சிறிய விஷயம் அல்ல. மூன்று கதவு தாரில் பின்னால் போக முன்சீட்டை மடக்கித்தான் நுழைய வேண்டும். புடவை கட்டிய பாட்டியை ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தால் பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும். இந்தக் குறையைப் போக்க வந்தவைதான் 2023ன் ஐந்து கதவு ஜிம்னியும் 2024ன் தார் ராக்ஸும். அவற்றில் பழையது கிடைத்தால் கேள்வி சற்று எளிதாகிறது. ஆனால் விலை எளிதாக இருக்காது.

நான்கு சக்கரமும் ஓட வேண்டுமா?

பலர் நான்கு சக்கர இயக்கம் வேண்டும் என்று நினைத்து வாங்குகிறார்கள். உண்மையில் அவர்களுக்குத் தேவைப்படுவது தரையிலிருந்து சற்று உயரமான வண்டி. மழையில் தேங்கிய தண்ணீர், தெருவில் தோண்டிய குழி, வேகத்தடை ஆகியவற்றுக்கு உயரம் போதும். நான்கு சக்கரமும் இழுக்க வேண்டிய இடங்கள் வேறு: சேறு, மணல், பனி, செங்குத்தான கல்பாதை. குடகு எஸ்டேட்டிலோ இடுக்கியின் ஏலத்தோட்டத்திலோ இமாச்சலின் ஆப்பிள் தோட்டத்திலோ வீடு இருந்தால் அது அன்றாடத் தேவை. மற்றவர்களுக்கு வருடத்தில் ஒரு வாரம்.

அந்த ஒரு வாரமும் சுருங்கிவருகிறது. முன்பெல்லாம் மணாலியிலிருந்து லாஹூலுக்குப் போக ரோதாங் கணவாயைத் தாண்ட வேண்டும். 2020 அக்டோபரில் 9 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு சாதாரண கார்களும் போய்வருகின்றன. பனி கொட்டும் நாட்களில் மட்டும் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகளை மட்டுமே நிர்வாகம் அனுமதிப்பதுண்டு. அந்த நாட்களில் உள்ளூர் டிரைவரின் வண்டியில் போவதுதான் புத்திசாலித்தனம்.

வாங்குபவர் அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று, 2023 ஜனவரி முதல் பின் சக்கரங்கள் மட்டுமே இயங்கும் தாரும் விற்கப்படுகிறது. வெளித்தோற்றத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. இரண்டு, ஜிப்ஸி, ஜிம்னி, தார் ஆகியவற்றில் இருப்பது தேவைப்படும்போது மட்டும் போட வேண்டிய நான்கு சக்கர இயக்கம். காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டுத் திருப்பினால் முன், பின் சக்கரங்கள் ஒன்றை ஒன்று எதிர்த்து இழுத்து கியர் பெட்டியும் அச்சும் பழுதாகும். இது தெரியாத முந்தைய உரிமையாளர் எத்தனை ஆண்டு அப்படி ஓட்டினாரோ?

அடியில் படுத்துப் பாருங்கள்

எனவே பெயின்ட்டைப் பார்ப்பதைவிட வண்டியின் அடியைப் பார்ப்பது முக்கியம். மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு, வண்டியை பிட்டில் ஏற்றியோ லிஃப்ட்டில் தூக்கியோ பார்க்க வேண்டும். சேஸிஸில் துருவும் புதிய வெல்டிங் தடமும் இருந்தால் விலகிவிடலாம். டிஃபரன்ஷியல் ஆயில் பால் கலந்த காபி போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல், சீட் தண்டவாளத்தில் துரு, ஹெட்லைட்டுக்குள் மண்கறை ஆகியவை வண்டி ஆற்றிலோ வெள்ளத்திலோ முங்கியதற்கு சாட்சிகள். மண் தரையில் ஒருமுறை நான்கு சக்கர இயக்கத்தையும் மெதுவான கியரையும் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். 60, 70 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் உதறுகிறதா என்றும் கவனிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். மலைப்பாதை டயர் பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் ஏழெட்டு வயது ஆகியிருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

பாகங்கள் மாற்றப்பட்ட வண்டிகள் தனிக் கதை. ஹரியானாவின் மண்டி டப்வாலி, திறந்த ஜீப்புகளைப் புதிதாகக் கட்டித்தருவதற்கு நாடெங்கும் பெயர்பெற்ற ஊர். பார்க்க அழகான அந்த வண்டிகளில் பல, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வண்டியோடு ஒத்துப்போகாது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை வடிவத்தை உரிமையாளர் மாற்ற முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்புகளின் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் புரட்டுவது இந்தப் பக்கங்களைத்தான்.

ராணுவம் கழித்த வண்டி என்று சொல்லி விற்கப்படுவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஏலத்தில் விற்றதற்கான அசல் கடிதமும், அதில் உள்ள என்ஜின், சேஸிஸ் எண்களும் வண்டியில் உள்ளவையும் பொருந்தாவிட்டால் கையில் இருப்பது பழைய இரும்பு.

காகிதமும் காசும்

தில்லியில் டீசல் வண்டிகள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று 2015ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018ல் உச்ச நீதிமன்றம் 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் வண்டிகளுக்கான தடையை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் வயதை மட்டும் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று நிவாரணம் அளித்தது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பிஎஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. ஆகவே தில்லியில் வாங்குபவர் வயதோடு மாசுத் தரத்தையும் பார்க்க வேண்டும்.

அங்கே வாங்கி பெங்களூருக்கோ சென்னைக்கோ கொண்டுபோக நினைப்பவர், தடையின்மைச் சான்று, மறுபதிவு, புதிய மாநிலத்தின் சாலை வரி மூன்றையும் கணக்கில் சேர்த்தால் மலிவு எவ்வளவு மலிவு என்று தெரியும். சொந்த கார்களின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ. 600லிருந்து ரூ. 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் ரூ. 10,000 ஆக்கப்பட்டது. 2000 வாக்கில் வந்த ஜிப்ஸிகள் இந்த வயதை எட்டிவிட்டவை. முந்தைய உரிமையாளரின் இன்ஷூரன்ஸ் போனஸ் வாங்குபவருக்கு வராது. பாலிசியை 14 நாட்களுக்குள் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிறகு பெட்ரோல். மாதம் 1,000 கி.மீ. ஓடும் குடும்பம், லிட்டருக்கு ரூ. 100 என்று வைத்துக்கொள்வோம். 10 கி.மீ. கொடுக்கும் பழைய ஜிப்ஸிக்கு மாதம் ரூ. 10,000. லிட்டருக்கு 18 கி.மீ. போகும் சிறிய காருக்கு சுமார் ரூ. 5,500. வித்தியாசம் வருடத்துக்கு ரூ. 54,000. அந்தப் பணத்தில் குடும்பத்தோடு இமாச்சலுக்குப் போய், அங்கேயே டிரைவருடன் ஜீப் வைத்துக்கொண்டு மலையைச் சுற்றிவிட்டு வரலாம்.

வாங்கவே கூடாதா? அப்படியும் இல்லை. வீட்டுக்குப் போகும் பாதை மோசமாக இருப்பவர்கள், வேறொரு கார் ஏற்கனவே வைத்திருப்பவர்கள், பக்கத்தில் நல்ல மெக்கானிக் உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். ஒரே கார் என்றால் நிபந்தனைகள் தேவை. எல்லா இருக்கைகளும் முன்னோக்கி இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெல்ட் வேண்டும். காற்றுப்பையும் ஏபிஎஸ்ஸும் வேண்டும். காகிதங்கள் சொந்த மாநிலத்தவையாக இருந்தால் நல்லது. விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் ஆண்டுப் பழுதுக்கென்று தனியாக எடுத்துவைக்க வேண்டும். இதில் முதல் இரண்டு நிபந்தனைகளுக்கு பேரம் கிடையாது.

சோதனை ஓட்டத்துக்கு வியாபாரி சாவி கொடுக்கும்போது குடும்பத் தலைவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, பையனையும் பாட்டியையும் அழைத்துக்கொண்டு பின்னால் ஏறி, பள்ளம் உள்ள சாலையில் அரை மணி நேரம் போய்வர வேண்டும். திரும்பி வந்து இறங்கும்போதும் அந்த வண்டி பிடித்திருந்தால், அப்போது விலை பேசலாம்.