என்கர்சஸ் சாளரத்தில் உரையை இடைச்செருகுதல்

என்கர்சஸ் என்பது முனையத் திரையில் விரும்பிய இடத்தில் எழுதுவதற்கான சி மொழி நிரலகம். பெர்க்லி யூனிக்சுக்காக கென் அர்னால்டு எழுதிய கர்சஸ் நிரலகத்தின் வழிவந்த கட்டற்ற மென்பொருள் இது. இதில் எழுத்தை மேலெழுதவும் செய்யலாம், இடையில் செருகவும் செய்யலாம். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒரு முகவரிப் படிவத்தில் அஞ்சல் குறியீட்டுக்காக ஆறு கட்ட அகலமுள்ள சாளரம் இருப்பதாகக் கொள்வோம். குன்னூரின் குறியீடு 643101. தட்டச்சு செய்தவர் 4-ஐ விட்டுவிட்டதால் திரையில் 63101 என்று நிற்கிறது. கர்சரை 3-இன் மேல் வைத்து ‘ஆட்ச்’ செயற்கூறால் 4-ஐ எழுதினால், 3 அழிந்து 64101 ஆகிவிடும். ‘இன்ஸ்ச்’ செயற்கூறோ 3-ஐயும் அதற்குப் பின்னுள்ளவற்றையும் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளிவிட்டு 4-ஐ நுழைக்கும், 643101 கிடைக்கும். ‘ரெஃப்ரெஷ்’ அழைத்த பிறகே மாற்றம் திரையில் தெரியும்.

செருகியபின் கர்சர் நகர்வதில்லை. இதை மறந்தால் விபரீதம்தான். 6101 என்பதில் 1-இன் மேல் கர்சரை வைத்து, முதலில் 4, அடுத்து 3 என இன்ஸ்ச் மூலம் செருகினால், 3 போய் 4-க்கு முன்னால் உட்கார்ந்து 634101 ஆகும். ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகளுக்கு ‘இன்ஸ்ஸ்டர்’ பயன்படுத்த வேண்டும். அது முழுச் சரத்தையும் வரிசை மாறாமல் நுழைக்கும். பெயரில் ஓர் ‘எஸ்’ குறைந்து இன்ஸ்டர் ஆனால் அது வேறு செயற்கூறு. திரையில் இருப்பதைப் படித்துத் தரும்.

வரி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் வலக்கோடியில் உள்ள எழுத்து சாளரத்துக்கு வெளியே விழுந்துவிடும். அடுத்த வரிக்குப் போகாது. பிழைச் செய்தியும் வராது. பிறகு ‘டெல்ச்’ கொண்டு நடுவில் ஒன்றை நீக்கினாலும் விழுந்த எழுத்து திரும்பாது, காலிக் கட்டமே வரும். ஆகவே பயனர் உள்ளிட்டதை நிரலின் அணியில் தனியே வைத்துக்கொண்டு, சாளரத்தை வெறும் காட்சிக்கு மட்டும் பயன்படுத்துவதே பாதுகாப்பு. வரிகளுக்கும் இதே கதைதான்: ‘இன்சர்ட்எல்என்’ ஒரு வெற்று வரியைச் செருகும்போது சாளரத்தின் கடைசி வரி காணாமல் போகும்.

தமிழில் சிக்கல் இன்னும் கூடுதல். ‘குன்னூர்’ நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் அது க, உகரக் குறி, ன, புள்ளி, ன, ஊகாரக் குறி, ர, புள்ளி என எட்டுக் குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் 24 பைட்டுகள். இன்ஸ்ச் ஒரு தமிழ்க் குறியீட்டைக்கூடத் தாங்காது. நிரலின் தொடக்கத்தில் ‘செட்லொகேல்’ அழைத்து, என்கர்சஸ்டபிள்யூ என்ற அகல எழுத்து நிரலகத்தை இணைத்து, ‘இன்ஸ்_டபிள்யூஸ்டர்’ பயன்படுத்த வேண்டும்.

அப்போதும் கட்டக் கணக்கு உதைக்கும். பல கணினிகளில் புள்ளிக்கு அகலம் சுழியம். உகர, ஊகாரக் குறிகளுக்கோ ஆளுக்கொரு கட்டம். எனவே ‘குன்னூர்’ ஆறு கட்டங்களைப் பிடிக்கும். கர்சர் இரண்டாம் கட்டத்தில் இருக்கையில் எதையாவது செருகினால், ‘கு’ உடைந்து ககரம் ஒருபுறமும் குறி மறுபுறமும் போய்விடும். மூன்று குறியீடுகள் போதும் என்று வரம்பு வைத்தால் ‘குன்’ வராது, புள்ளியிழந்த ‘குன’ வரும். வரம்பையும் கர்சரின் இடத்தையும் முழு எழுத்தின் எல்லையில் நிறுத்துவது நிரலாளரின் வேலை. என்கர்சஸ் அதைச் செய்து தராது.